காத்திருப்பின் விலை

உழவர் நெல் தருகிறார். தச்சர் நாற்காலி தருகிறார். ஒரு பொருளை வாங்கி, அதில் கடுகளவு மாற்றமும் செய்யாமல், அதையே விற்றுக் கூடுதல் பணம் பெறுகின்ற வணிகர் எதைத் தருகிறார்? இந்த வினா மிகப் பழையது. பல்லாண்டு வணிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குரிய விடையை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இடப் பயன்பாடு, காலப் பயன்பாடு என்று பிரித்து எழுதுவேன். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் பெறுவார்கள். ஆயினும் அந்த விடை உயிர்பெற்று நடமாடுவதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் நான் கண்டேன். அதுவும் கடைத்தெருவில் அன்று. ஒரு கணினி விளையாட்டில்.

2020-ஆம் ஆண்டுப் பொது முடக்கத்தின்போது என் தங்கை மகன் சில மாதங்கள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். அவன் ஆடிய விளையாட்டின் பெயர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் அதை நடத்துகிறது. ஆண்ட்ரூ கோவர் என்பவரும் அவருடைய சகோதரர்களும் உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவம் அது. உலகின் பல மூலைகளிலிருந்தும் பல்லாயிரவர் ஒரே நேரத்தில் அதனுள் நடமாடுகின்றனர். அங்கே மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், தாதுவை உருக்கலாம், டிராகன்களைக் கொல்லலாம். எதைச் செய்தாலும் கையில் ஒரு பொருள் சேரும். பொருளை விற்றால் பொற்காசு சேரும். அந்தக் காசைத் திரைக்கு வெளியே எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். திரைக்குள்ளேயோ அது இல்லாமல் ஒன்றும் நடவாது.

மரம் வெட்டும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. டிராகனை நெருங்கும் துணிவும் இல்லை. வேரக் என்னும் நகரின் வடமேற்கில் இருக்கின்ற சந்தைதான் என்னைக் கட்டிப்போட்டது. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்பது அதன் பெயர். அங்குள்ள எழுத்தரிடம் சென்று, இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன விலை என்று பதிவுசெய்தால் போதும். சந்தா கட்டியவர் ஒரே நேரத்தில் எட்டுப் பதிவுகள் வைக்கலாம். அந்த விலைக்கு ஒத்துவருகின்ற ஒருவர் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் பரிமாற்றம் தானே நடந்தேறும். வாங்கியவர் யார் என்று விற்றவருக்குத் தெரியாது. விற்றவர் யார் என்று வாங்கியவருக்கும் தெரியாது.

“மாமா, எந்தப் பொருளுக்கும் இங்க ரெண்டு விலை இருக்கு. அவசரக்காரன் விலை ஒண்ணு, பொறுமைக்காரன் விலை ஒண்ணு. நடுவுல இருக்கிறதுதான் நம்ம சம்பளம்” என்றான் மருமகன். நான் ஒரு பாடவேளை முழுவதும் சொல்லிப் புரியவைக்க முயன்றதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான்.

அந்த இரு விலைகளையும் கண்டறியும் முறையையும் அவனே காட்டினான். ஒரு பொருளில் ஒன்றே ஒன்றை மிகுந்த விலை சொல்லி வாங்க வேண்டும். உடனே மிகக் குறைந்த விலை சொல்லி அதை விற்க வேண்டும். முன்னதில் அவசரமாக வாங்குகிறவர் கொடுக்கும் விலை புலப்படும். பின்னதில் அவசரமாக விற்கிறவர் பெறும் விலை புலப்படும். முன்னது 1,030 காசு, பின்னது 1,000 காசு என்று வைத்துக்கொள்வோம். இனி 1,000 காசுக்கு வாங்குவதாகப் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். கிடைத்ததை 1,030 காசுக்கு விற்பதாகப் பதிவுசெய்து மீண்டும் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு 30 காசு மிஞ்சும். ஆட்டக்காரர்கள் இதை ஃபிளிப்பிங் என்பார்கள். கேட்பதற்கு எளிது, செய்யும்போதோ இடையில் விலை சரியும், நம்மைவிட ஒரு காசு கூட்டிச் சொல்லி வேறொருவர் முந்துவார். ஒரு பொருளை நான்கு மணி நேரத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்ற வரம்பும் உண்டு.

நான் தொடங்கிய நாளில் சந்தையில் வரி கிடையாது. 2021 டிசம்பரில் விற்பவரிடம் 1 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 மே மாதம் அது 2 சதவீதமாயிற்று. மேற்சொன்ன 30 காசு இலாபம் முதலில் 20 ஆகி, பின்பு 10 ஆகிவிட்டது. எந்த அரசுக்குச் செல்கிறது இந்த வரி என்று நீங்கள் கேட்கலாம். எங்கும் செல்வதில்லை. அதில் ஒரு பகுதியைக் கொண்டு நிர்வாகத்தார் சந்தையிலிருந்து சில பொருள்களை வாங்கி அழித்துவிடுகிறார்கள். எஞ்சிய காசும் இல்லாமற்போகிறது.

காசை ஏன் அழிக்க வேண்டும்? அங்கே காசு ஓயாமல் பிறந்துகொண்டே இருப்பதால்தான். அது பிறக்கின்ற வழிகளுள் ஒன்று விந்தையானது. ஹை அல்கெமி என்றொரு மந்திரம் உண்டு. நம் மொழியில் இரசவாதம் எனலாம். நேச்சர் ரூன் என்னும் கல் ஒன்றைச் செலவிட்டு அந்த மந்திரத்தைச் சொன்னால், கையிலிருக்கும் வாளோ கவசமோ மறைந்து, அதற்கென விதிக்கப்பட்ட மதிப்பில் 60 சதவீதம் பொற்காசாக வந்து விழும். அந்தக் காசு வேறெவர் பையிலிருந்தும் வந்ததில்லை. அந்தக் கணத்தில் புதிதாகப் பிறந்தது. ஆகவே ஒரு கவசம் சந்தையில் எவ்வளவு மலிந்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்குவதில்லை. மந்திரத்தால் 1,000 காசு ஆகக்கூடிய கவசம், கல்லின் விலை 100 என்றால், 900 காசுக்குக் கீழே வந்தவுடன் இரசவாதிகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

டிராகனைக் கொன்றவர் உலகிற்கு ஒரு தோலைக் கொண்டுவருகிறார். இரசவாதி காசைக் கொண்டுவருகிறார். வணிகனாகிய நான் இரண்டையும் கொண்டுவரவில்லை. நான் ஈட்டிய ஒவ்வொரு காசும் இன்னொருவரிடமிருந்து வந்தது. ஆனால் அதற்குப் பயன் இருந்தது. பாண்ட் என்றொரு பத்திரத்தை நிறுவனம் மெய்யான பணத்துக்கு விற்கிறது. வாங்கியவர் அதை ஆட்டக் காசுக்கு இன்னோர் ஆட்டக்காரரிடம் விற்றுவிடலாம். அந்த இன்னொருவருக்கு 14 நாள் சந்தா கிடைக்கும். சில மாதங்களிலேயே என் சந்தாவை வணிக இலாபத்திலிருந்து கட்டத் தொடங்கினேன். வீட்டாருக்குச் செலவில்லாமல் என் பொழுது போயிற்று.

இந்தச் சந்தை எப்போதும் இப்படி முகமற்றதாக இருந்ததில்லை. ரூன்ஸ்கேப்பின் முதல் ஆறு ஆண்டுகளில் வணிகம் என்றால் கூவி விற்பதுதான். வங்கிக் கட்டடங்களின் முன்னே கூட்டம் கூடும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வண்ண எழுத்துகள் மின்னி மின்னி விலை சொல்லும். பேரம் நடக்கும், சினம் வரும், சில வேளை நட்பும் பிறக்கும். ஏமாற்றும் நடக்கும். காட்டிய பொருளைக் கடைசி நொடியில் எடுத்துவிட்டு, அதுபோலவே தோன்றுகின்ற மட்டப் பொருளை வைத்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இரண்டாவது முறை உறுதிகேட்கும் பலகை வந்தது. 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் திறந்ததும் கூவல்கள் ஓய்ந்தன.

பின்பு நடந்ததுதான் சுவையானது. 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் தொடங்கியபோது, 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்திருந்த படியையே உயிர்ப்பித்தார்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் பிறப்பதற்கு மூன்று மாதம் முந்திய உலகம் அது. எனவே கூவி விற்கும் சந்தை திரும்பி வந்தது. அங்கே எதைப் புதிதாகச் சேர்ப்பதென்றாலும் ஆட்டக்காரரிடம் வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 75 பேர் இசைய வேண்டும் என்பது அந்நாளைய விதி. அந்த வாக்கெடுப்பில் வென்று, 2015 பிப்ரவரியில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் மீண்டும் திறந்தது. முகம் பார்த்து வணிகம் செய்து பழகியவர்களே முகமற்ற சந்தையை வேண்டிப் பெற்றார்கள். முகம் இருந்த இடத்தில் வஞ்சகமும் இருந்தது. முகம் போனதும் அளவும் நிறையும் சரியாக இருந்தன. முகத்தோடு வேறு என்ன போயிற்று என்பதை அறிய, திரைக்கு வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

விளையாட்டுக் காசுக்கு மெய்யான மதிப்பு உண்டு என்பதை அறிஞர் உலகம் முன்பே கணக்கிட்டிருந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டின் நோரத் என்னும் கற்பனை உலகை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருள்களையும் காசையும் டாலருக்கு விற்றுக்கொண்ட விலைகளே அவருக்குச் சான்று. நோரத்தின் காசு ஒன்று அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ ஒரு சென்ட். அந்நாளைய ஜப்பானிய யென்னைவிட மதிப்பு மிக்கது. நோரத்தின் தலைக்கான உற்பத்தி இந்தியா, சீனா உள்ளிட்ட பல நாடுகளைவிட மிகுதி என்றும் அவர் காட்டினார். கற்பனை நாடு ஒன்று நம் நாட்டைவிடச் செல்வமுடையது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெனிசுவேலாவைப் பற்றிப் படித்தபோது அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

வெனிசுவேலாவின் பணவீக்கம் 2018-இல் 1,30,060 சதவீதம் என அந்நாட்டு மத்திய வங்கியே பின்னர் அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பொலிவார் பணத்திலிருந்து ஐந்து சுழிகளை நீக்கினார்கள். அதுவும் போதாமல் 2021 அக்டோபரில் மேலும் ஆறு சுழிகளை நீக்கினார்கள். காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரைந்துபோன அந்தக் காலத்தில், இளைஞர் பலர் பழைய கணினிகளின் முன் அமர்ந்து ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொல்லத் தொடங்கினர். கிடைத்த எலும்பையும் தோலையும் சந்தையில் விற்றனர். சேர்ந்த காசை வெளியே டாலருக்கு மாற்றிக் குடும்பத்துக்கு உணவு வாங்கினர். ஆட்டக் காசை வெளியே விற்பது விதிப்படி குற்றம். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். ஆயினும் சொந்த நாட்டின் பணத்தைவிட அந்த விளையாட்டுக் காசு அவர்களுக்கு உறுதியாக இருந்தது.

பச்சை டிராகன்கள் வாழ்வது, ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரரைத் தாக்கிக் கொள்ளையிடலாம் என்று விதியே அனுமதிக்கின்ற வனாந்தரத்தில். 2017-இல், வெனிசுவேலாக்காரரை அங்கே எப்படி இனங்கண்டு வேட்டையாடுவது என்று வழிகாட்டிக் குறிப்பு எழுதிப் பரப்பியவர்களும் இருந்தனர். அவர்களுக்கு அது விளையாட்டு. மற்றவருக்கு அது அன்றைய இரவு உணவு. 2019 மார்ச் 7 அன்று வெனிசுவேலாவில் நாடு தழுவிய மின்வெட்டு ஏற்பட்டுப் பல நாள் நீடித்தது. மின்சாரம் நின்ற வீடுகளில் அந்தக் கைகளும் நின்றிருக்கும். சந்தைப் பலகைக்கு இவை எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது விலை. காரணம் அதன் கணக்கில் வராது.

இச்செய்திகளைப் படித்த நாளில் என் எட்டுப் பதிவுகளுள் ஒன்று பச்சை டிராகன் தோல். அதை வாங்கக் காத்திருந்தேன். எனக்கு விற்றவர்களுள் எத்தனை பேர் விளையாடியவர்கள், எத்தனை பேர் உழைத்தவர்கள் என்று அறிய வழியில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். “நீங்க ஒரு காசு கூட்டிக் குடுத்தாலும் அது யாருக்குப் போகும்னு எப்படித் தெரியும் மாமா? ஆளே இல்லாம ஓடுற போட் ஒண்ணுக்குக்கூடப் போகலாம்” என்றான். அவன் சொன்னது உண்மை. முகம் தெரியாத இடத்துக்குக் கொடையை அனுப்ப முடியாது. இதில் இன்னொரு முரணும் உண்டு. வெளியே காசு விற்பவர்களை ஒடுக்க எண்ணிய நிறுவனம், 2008 ஜனவரி முதல், மதிப்பில் சமமில்லாத பரிமாற்றங்களுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. கள்ளக் காசு கைமாறுவதும் நண்பருக்கு ஒரு வாளை இனாமாகத் தருவதும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஒன்றைத் தடுக்க இரண்டையும் தடுக்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரரின் பெருவாரியான வாக்குக்குப் பின் 2011 பிப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது.

விலையின் வழியாக இரக்கத்தை அனுப்ப முடியாதென்றால், வணிகன் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? சந்தையின் விதி ஒன்றை நான் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அங்கே முன்பே காத்திருக்கின்ற பதிவின் விலைக்குத்தான் பரிமாற்றம் நடக்கிறது. ஒருவர் நெருக்கடியில் தம் தோலை ஒரே காசுக்குத் தருவதாகச் சொன்னாலும், 1,000 காசு தருவதாக நான் காத்திருந்தால் அவருக்கு 1,000 காசே கிடைக்கும். எனக்கு மேலே 1,010 காசு சொல்லி இன்னொருவர் காத்திருந்தால் 1,010 கிடைக்கும். நெருக்கடியில் வருகிறவருக்குக் காவல், காத்திருப்பவருடைய நல்ல மனத்தைவிட, காத்திருப்பவர்களின் எண்ணிக்கையே. பலர் காத்திருந்தால் இரு விலைகளுக்கும் இடையிலுள்ள பள்ளம் குறுகும். என் சம்பளம் குறையும். அவர் கூலி உயரும். நள்ளிரவில் வந்தாலும் அவர் பொருள் விற்றுவிடும். அவர் உடனே எழுந்து தம் வேலைக்குப் போகலாம். இடைத்தரகர் இல்லாத சந்தையில் அவர் வாங்குபவரைத் தேடிக் கூவிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். என் காத்திருப்பை அவருக்குக் கொடுத்து அவருடைய காத்திருப்பை நான் மிச்சப்படுத்தியிருக்கிறேன். கரும்பலகையில் நான் எழுதிய காலப் பயன்பாடு இதுதான்.

ஆனால் காத்திருப்பவர் ஒருவரே என்றால் கதை மாறிவிடும். கிராண்ட் எக்ஸ்சேஞ்சின் தொடக்க ஆண்டுகளில் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஒரு பொருளைச் சந்தையிலிருந்து முழுவதும் வாங்கி ஒளித்து, விலையை ஏற்றி விற்றார்கள். தலைவர்கள் முதலில் விற்றுத் தப்பினார்கள். அவர்களை நம்பிப் பின்னால் வந்தவர்கள் ஏற்றிய விலைக்கு வாங்கிச் சிக்கினார்கள். நான்கு மணி நேர வரம்பு இத்தகையோருக்குத்தான் தடை. நிலத்திலும் இதுவே நடக்கிறது. ஒரே வியாபாரி வருகின்ற ஊரில் அறுவடை நாள் அவருடைய நாள். நால்வர் வருகின்ற ஊரில் அது உழவரின் நாள். வெனிசுவேலா இளைஞருக்கும் இதே கணக்குத்தான். விளையாட்டுக்குள் அவருடைய தோலை வாங்கப் பலர் காத்திருந்தனர். அங்கே அவருக்கு நேர்மையான விலை கிடைத்தது. காசை வெளியே கொண்டுபோகும் வாசலில்தான் ஆபத்து. தடைசெய்யப்பட்ட வணிகத்தில் ஏமாற்றப்பட்டவர் எவரிடம் முறையிடுவார்?

இந்த விளையாட்டு எனக்குக் கற்பித்தது இன்னொன்றும் உண்டு. பொறுமையை ஒரு நற்பண்பு என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அவசரத்தைக் குறை என்கிறோம். சந்தையில் நின்று பார்த்தால் பொறுமை பெரும்பாலும் ஒரு சொத்தாகத் தெரிகிறது. எட்டுப் பதிவுகளை வைத்துவிட்டு நான் நிம்மதியாக உறங்கப் போகிறேன் என்றால், மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது, வீட்டில் அரிசி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது என்பதே காரணம். மறுபுறத்தில் கிடைத்த விலைக்கு விற்கிறவர் கணக்கறியாதவர் என்று நினைப்பது தவறு. விலை நாளைக்கு ஏறும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். நாளை வரை இருக்க அவருக்கு வசதியில்லை; அவ்வளவுதான்.

நான் வணிகத்தை விடவில்லை. விட வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வரி 2 சதவீதமான பிறகு இலாபம் மெலிந்துவிட்டது; போட்டியாளரும் பெருகிவிட்டனர். முன்பு போல் எளிதாகச் சந்தா கட்ட முடிவதில்லை. பள்ளம் குறுகியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று எண்ணிக்கொள்கிறேன். எங்கோ ஒருவருக்கு ஒரு தோலுக்குச் சில காசு கூடுதலாகக் கிடைக்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. இலாபம் என்று பலகையில் எழும் எண்ணைப் பார்க்கும்போது, அதில் என் திறமை எவ்வளவு, அவரால் காத்திருக்க முடியாமற்போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். கணக்கு ஒருநாளும் சரியாக வருவதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கைப் போடாமல் அன்றைய ஏட்டை மூடுவதில்லை.